சாய்ந்த சுவரும் வானிலிருந்து வரும் அறிவிப்பும்

ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல்களுள் தலையாய ஒன்றான ‘ஹிதாயா’வில், தியத் எனப்படும் இழப்பீட்டுச் சட்டங்களைப் பேசும் பகுதியில், சாய்ந்த சுவரைப் பற்றித் தனியாக ஒரு பிரிவு உண்டு. ஃபர்கானாப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த இமாம் மர்கீனானி (மறைவு ஹிஜ்ரி 593, கி.பி. 1197) அங்கே எடுத்துக்கொள்ளும் வழக்கு எளிமையானது. ஒருவருடைய சுவர் கட்டப்பட்டபோது நேராகத்தான் இருந்தது. காலப்போக்கில் அது பொதுவழியை நோக்கிச் சாய்ந்துவிட்டது. ஒருநாள் இடிந்து விழுகிறது. வழிப்போக்கர் ஒருவர் மாண்டுபோகிறார். சுவரின் உரிமையாளர் இதற்குப் பொறுப்பாவாரா?

நேர் ஒப்புமையின்படி, அதாவது கியாஸின்படி, ஆகமாட்டார். சுவரைச் சாய்த்தது அவரன்று; அவர் செய்ததெல்லாம் தம் நிலத்தில் நேரான சுவர் ஒன்றை எழுப்பியதுதான். ஆயினும் ஹனஃபி இமாம்கள் இவ்விடத்தில் கியாஸை விட்டு இஸ்திஹ்ஸானின் வழியில் தீர்ப்புரைக்கிறார்கள். பொதுவழியில் நடக்க உரிமையுள்ள எவரேனும் அவரிடம் சென்று சுவரை இடித்து அகற்றுமாறு கோரியிருந்து, அதற்குப் போதிய அவகாசமும் ஆற்றலும் இருந்தும் அவர் வாளாவிருந்தால், பின்னர் நேரும் இழப்புக்குப் பொறுப்பு உண்டு. பொருளிழப்பை அவரே ஈடுசெய்ய வேண்டும்; உயிரிழப்புக்குரிய தியத்தை அவருடைய ‘ஆகிலா’ எனும் உறவுக்குழு சுமக்கும். இப்படிப் பொறுப்புச் சாட்டாவிடில் மக்கள் அச்சத்தால் அவ்வழியையே கைவிட்டுத் துன்புறுவர்; பலருக்கு வரும் தீங்கை விலக்க ஒருவர்க்கு வரும் தீங்கு பொறுத்துக்கொள்ளப்படும் என்பது மர்கீனானி காட்டும் நியாயம்.

இதன் உட்பிரிவுகள் சுவையானவை. சுவர் அண்டை வீட்டை நோக்கிச் சாய்ந்தால் கோரிக்கை விடும் உரிமை அந்த வீட்டாருக்கே உரியது. கோரிக்கை, சுவரை இடிக்கும் அதிகாரம் உடையவரை நோக்கி விடப்பட வேண்டும்; வாடகைக்குக் குடியிருப்பவரிடமோ அடைமானமாக வைத்திருப்பவரிடமோ சொன்னால் செல்லாது. கோரிக்கை வந்தபின் உரிமையாளர் வீட்டை விற்றுவிட்டால் அவர் பொறுப்பிலிருந்து நீங்குகிறார். புதிய உரிமையாளரிடம் புதிதாகச் சொல்லப்படும்வரை அவரும் பொறுப்பாளர் அல்லர். கட்டும்போதே சாய்வாகக் கட்டியவருக்கு மட்டும் எந்த முன்னறிவிப்பும் தேவையில்லை. சட்ட நூல்கள் ‘இஷ்ஹாத்’, அதாவது சாட்சிகளை முன்னிறுத்தல் என்று இதனைக் குறிப்பிட்டாலும், பொறுப்பை உண்டாக்குவது கோரிக்கைதான். உரிமையாளர் பின்னால் மறுத்தால் மெய்ப்பிப்பதற்காகவே சாட்சிகள் என்று மர்கீனானி தெளிவுபடுத்துகிறார்.

நம்மவரில் கணிசமானோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் தீர்ப்பு வேறு. நேராகக் கட்டிய சுவர் தானே சாய்ந்து விழுந்தால் பொறுப்பில்லை என்பதே ‘மின்ஹாஜி’ல் இமாம் நவவி (ரஹ்) முதன்மைப்படுத்தும் கருத்து. எனினும் இடிக்கவோ சீர்செய்யவோ இயன்றும் செய்யாதிருந்தால் பொறுப்பு உண்டு என்ற இன்னொரு கருத்தையும் அவர்கள் அங்கேயே பதிவு செய்கிறார்கள்.

இந்தப் பழைய விவாதத்தை இன்று நாம் மீட்டெடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு சுவர், ஒரு பாலம், ஓர் அணை, ஏன் ஒரு நகரமே ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவு தாழ்வதை எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அளந்து சொல்லும் கருவிகள் நம் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை தரும் செய்தி எவரிடம் சென்று சேர்கிறது, சேர்ந்தபின் எவர் பொறுப்பாளர் என்ற கேள்விகள் மர்கீனானியின் காலத்தைவிட இப்போது கூர்மையாக எழுகின்றன. நவீனக் கருவி ஒவ்வொன்றையும் ஏதேனும் ஓர் இறைவசனத்துள் முன்கூட்டியே கண்டெடுத்துக் காட்டும் கட்டுரை வகை ஒன்று நம்மிடையே மலிந்துள்ளது. அவ்வழி நமக்கு உடன்பாடன்று. ரேடாரை ரேடாராகவும் ஃபிக்ஹை ஃபிக்ஹாகவும் பார்ப்பதே இரண்டுக்கும் மரியாதை.

முதலில் கருவியைப் பார்ப்போம். செயற்கைக்கோள் என்றதும் வானிலிருந்து எடுத்த நிழற்படமே நம் நினைவுக்கு வரும். கட்டடங்களின் இடர்ப்பாட்டை அளப்பதில் அதைவிட வலிய கருவி ரேடார். செயற்கைக்கோள் நுண்ணலைகளைச் சாய்வாகத் தரைநோக்கி அனுப்புகிறது. தரையிற்பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. இரவும் மேகமும் அதற்குத் தடையல்ல. அலை திரும்பி வரும்போது அதன் வலிமையோடு, அது தன் ஏற்ற இறக்கச் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதும் பதிவாகிறது. அடுத்த முறை அதே பாதையில், ஏறத்தாழ அதே இடத்திலிருந்து, அதே நிலத்தை மீண்டும் பதிவு செய்து இரண்டு பதிவுகளின் கட்டங்களையும் கழித்துப் பார்த்தால், இடைப்பட்ட நாட்களில் நிலம் செயற்கைக்கோளை நோக்கி நெருங்கியதா விலகியதா என்பது தெரியும். அலை போய்த் திரும்புவதால் அலைநீளத்தில் பாதியளவு நகர்வே ஒரு முழுச் சுழற்சியாகப் படத்தில் தெரியும். ஐரோப்பியச் செயற்கைக்கோள்கள் பயன்படுத்திவரும் அலையின் நீளம் சுமார் 5.6 செ.மீ.; ஆகவே படத்தில் காணும் ஒவ்வொரு வண்ண வளையமும் 2.8 செ.மீ. நகர்வைக் குறிக்கும். இதைக் குறுக்கீட்டுப் படம் என்பர். 1992 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் லேண்டர்ஸ் நிலநடுக்கத்தில் நிலம் நகர்ந்த விதத்தை இவ்வாறு வரைந்து 1993-இல் பிரெஞ்சு அறிஞர்கள் வெளியிட்டபோதுதான் இம்முறையின் ஆற்றலை உலகம் உணர்ந்தது.

இன்னொரு நுட்பமும் இதில் அடங்கியிருக்கிறது. இரு பதிவுகளையும் ஒப்பிட வேண்டுமானால் தரையின் மேற்பரப்பு ஏறத்தாழ அப்படியே இருக்க வேண்டும். பயிர் வளர்ந்தாலோ மணல் பெயர்ந்தாலோ எதிரொலிகளுக்கிடையே ஒத்திசைவு கெடும், படம் கலங்கிப்போகும். முதலில் இது குறையாகவே கருதப்பட்டது. ஆனால் நேற்றுவரை தெளிவாக எதிரொலித்துவந்த ஒரு நகரப்பகுதி திடீரென்று கலங்கித் தெரிந்தால் அங்கே கட்டடங்கள் இடிந்திருக்கின்றன என்று பொருள்படும். குறையாக இருந்தது சேத வரைபடமாயிற்று.

இவை இரண்டும் ஒருசேரப் பயன்பட்ட இடம் ஈரானின் பாம் நகரம். 2003 டிசம்பர் 26 அன்று விடிவதற்கு முன், மக்கள் உறக்கத்தில் இருந்த வேளையில், 6.6 அளவுடைய நிலநடுக்கம் அந்நகரைத் தாக்கிற்று. சுமார் 26,000 பேர் மாண்டனர். சுடாத மண்கல்லால் எழுந்து பன்னூறாண்டு நின்ற பாம் கோட்டை பெரும்பாலும் மண்மேடாயிற்று. 6.6 என்பது உலக அளவில் பேரளவன்று. அதே வலிமையுள்ள நடுக்கங்கள் வேறு நாடுகளில் விரல்விட்டு எண்ணத்தக்க உயிர்களையே கொண்டுபோயிருக்கின்றன. பாமில் மண்கல் சுவர்களும் அவற்றின்மேல் ஏற்றிய கனமான மண்கூரைகளும் மனிதர்களைக் கொன்றன. செங்கல்லும் இரும்பு உத்தரமும் கொண்டு எழுப்பிய புதிய கட்டடங்களிலும் பல, இணைப்புகள் பலவீனமானதால் அப்படியே சரிந்தன.

நகருக்குக் கிழக்கே, பராவாத் என்னும் சிற்றூருக்கும் பாமுக்கும் இடையில், நிலத்தின்மேல் கண்ணுக்குத் தெரியும் ஒரு பிளவுக்கோடு உண்டு. நிலவியலாளர்கள் அதை முன்பே அறிந்து வரைபடத்தில் குறித்திருந்தனர். நிலநடுக்கம் அதிலிருந்தே எழுந்திருக்கும் என்று கருதுவது இயல்பு. ஆனால் நடுக்கத்துக்கு முன்னும் பின்னும் என்விசாட் செயற்கைக்கோள் எடுத்த ரேடார் பதிவுகளைக் கழித்துப் பார்த்தபோது, அசைந்தது அந்தக் கோடன்று எனத் தெரிந்தது. அதற்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி, நகரின் தென்புறத்திலிருந்து தெற்கு நோக்கி ஓடும், அதுவரை எவர் வரைபடத்திலும் இடம்பெறாத ஒரு பிளவு அசைந்திருந்தது. ஆழத்தில் அதன் இரு பக்கங்களும் இரண்டு மீட்டருக்கும் மேலாக ஒன்றையொன்று உரசி நகர்ந்திருந்தும் நிலத்தின்மேல் மிகச்சிறு விரிசல்களே தோன்றின. அந்த விரிசல்களின் தடம் ஒத்திசைவு கெட்ட ஒரு மெல்லிய கோடாக ரேடார் படத்தில் பதிவாகியிருந்தது. அதற்கு வடக்கே நகரமே ஒரு பெரிய கலங்கலாகத் தெரிந்தது.

பாம் ஏன் அங்கே இருந்தது என்பதும் சிந்திக்கத்தக்கது. ஈரானின் வறண்ட சமவெளிகளில் ஊர்கள் மலையடிவாரங்களையும் பிளவுக்கோடுகளையும் ஒட்டியே அமைந்திருப்பதைக் கேம்பிரிட்ஜ் நிலவியலாளர் ஜேம்ஸ் ஜாக்சன் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். பிளவின் வழியே நொறுங்கிய மண் நிலத்தடி நீரைத் தேக்கி மேலே கொண்டுவருகிறது. பிளவு உயர்த்திய மேடு கனாத் எனும் சுரங்கக் கால்வாய்க்கு வாட்டம் தருகிறது. பாமின் புகழ்பெற்ற பேரீச்சந் தோப்புகள் அந்த நீரால் வளர்ந்தவை. 1978-இல் அழிந்த தபஸ் நகரின் வரலாறும் இதுவே. நீருக்காகக் குடியேறிய முன்னோர்மீது எந்தக் குறையும் சொல்வதற்கில்லை. ஒரு பிளவு இருமுறை அசைவதற்கிடையே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழியலாம், எந்தத் தலைமுறையும் அதை நினைவில் வைத்திருக்க இயலாது. இன்றைய நிலை அதுவன்று. நிலநடுக்கம் நேருமுன்பே நிலம் மெல்ல முறுக்கேறுவதை ஆண்டுக்கணக்கான ரேடார் பதிவுகளைக் கொண்டு அளக்க இயல்கிறது.

துருக்கியில் அப்படி அளந்தே இருந்தார்கள். அனதோலியா முழுவதும் எவ்வளவு வேகத்தில் எத்திசையில் நகர்கிறது, எங்கெங்கே முறுக்கம் திரள்கிறது என்பதை சென்டினல்-1 செயற்கைக்கோள்களின் பதிவுகளிலிருந்து கணித்த வரைபடம் ஒன்று 2020-இல் ஆய்விதழில் வெளிவந்தது. வடக்கு அனதோலியப் பிளவும் கிழக்கு அனதோலியப் பிளவும் அதில் கோடு கிழித்தாற்போல் தெரிந்தன. 2023 பிப்ரவரி 6 அதிகாலை 4.17 மணிக்குக் கஹ்ரமான்மராஷ் மாகாணத்தில் 7.8 அளவுடைய நடுக்கமும், ஒன்பது மணி நேரம் கழித்து 7.5 அளவுடைய மற்றொன்றும் நிகழ்ந்தன. துருக்கியில் மட்டும் 53,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், சிரியாவிலும் பல்லாயிரவர். அந்தாக்கியாவின் தொன்மையான ஹபீபுந் நஜ்ஜார் பள்ளிவாசல் இடிந்தது. சில நாட்களுக்குள் ரேடார் படங்கள் நானூறு கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளத்துக்குப் பிளவுகள் கிழிந்திருப்பதையும், சில இடங்களில் நிலம் பல மீட்டர் பெயர்ந்திருப்பதையும் காட்டின.

இங்கே வானிலிருந்து காணும் கண்ணின் எல்லையும் தெளிவாகிறது. இடர்ப்பாட்டைக் கணிப்போர் அதை மூன்று கூறுகளாகப் பிரிப்பர்: எத்தகைய இயற்கைத் தாக்குதல் வரக்கூடும், அதன் பாதையில் என்னென்ன கட்டடங்களும் மனிதர்களும் இருக்கின்றனர், அக்கட்டடங்கள் எவ்வளவு தாங்கும். முதலாவதைச் செயற்கைக்கோள் நன்கு சொல்லும். இரண்டாவதையும் சொல்லும், நகரம் எந்த ஆண்டு எந்தப் பக்கம் விரிந்தது, கட்டடங்களின் பரப்பும் உயரமும் என்ன என்பதையெல்லாம் படங்களிலிருந்து கணினி எண்ணிவிடுகிறது. மூன்றாவதில்தான் அது தடுமாறுகிறது. தூணுக்குள் எத்தனை கம்பி இருக்கிறது, கலவையில் சிமிட்டி எவ்வளவு, கடை வைப்பதற்காகத் தரைத்தளத்துத் தூண் ஒன்றை எவர் வெட்டி எடுத்தார் என்பவை கூரைக்குக் கீழே நடப்பவை. துருக்கியின் கட்டடச் சட்டம் தாளளவில் நல்ல சட்டம். ஆனால் விதிமீறிக் கட்டிய இலட்சக்கணக்கான கட்டடங்களுக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு 2018-இல் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. ஹதாய் மாகாணத்தின் எர்ஸின் என்ற சிறு நகரில் கட்டடச் சரிவும் உயிரிழப்பும் இல்லை என்று அப்போது செய்தி வந்தது. விதிமீறலுக்கு இடங்கொடாததே காரணம் என்றார் அதன் நகர்மன்றத் தலைவர். ஊர் உறுதியான நிலத்தின்மேல் அமைந்திருந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றனர் நிலவியலாளர். இரண்டும் உண்மையாயிருக்கலாம். அந்த இரண்டாவது காரணத்தை வானிலிருந்தும் ஆய்வுக்கிணறு தோண்டியும் அறியலாம். முதலாவதை அறியக் கட்டட ஆய்வாளரின் நேர்மை ஒன்றே வழி.

கட்டும்போதே சாய்வாகக் கட்டியவருக்கு முன்னறிவிப்பு வேண்டியதில்லை என்ற ஹிதாயாவின் விதியை இங்கே நினைவுகூரலாம். கம்பியைக் குறைத்துக் கட்டிய ஒப்பந்தக்காரரின் நிலை அத்தகையதே. செயற்கைக்கோள் வந்து அவருக்குச் சொல்ல வேண்டியது எதுவுமில்லை.

நேராகக் கட்டப்பட்டுப் பின் மெல்லச் சாய்பவை வேறு வகை. அவற்றுக்கே இக்கருவி மிகப் பொருத்தமானது. 1990-களின் இறுதியில் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அறிஞர்கள் ஒரு வழி கண்டனர். கூரை விளிம்பு, இரும்புத் தூண், பாலத்தின் கைப்பிடி போன்றவை ஆண்டுக்கணக்கில் ஒரே விதமாக எதிரொலிக்கின்றன. அத்தகைய புள்ளிகளை மட்டும் தேர்ந்து பற்பல பதிவுகளில் தொடர்ந்து பார்த்தால் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் நகர்வைக்கூட அளக்கலாம். ஐரோப்பா தன் நிலப்பரப்பு முழுவதற்கும் இவ்வாறு கணித்த அளவுகளை 2022 முதல் எவரும் பார்க்கும்படி பொதுவில் வைத்திருக்கிறது. தம் வீடு அமைந்த நிலம் தாழ்கிறதா என்பதை அங்கே ஒரு சாதாரணக் குடிமகன் வரைபடத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

முஸ்லிம் நாடுகளில் இம்முறை காட்டியவற்றுள் அச்சந்தருவது நிலத்தடி நீரின் கதை. தெஹ்ரானின் தென்மேற்குச் சமவெளியில் சில இடங்கள் ஆண்டுக்கு 25 செ.மீ. வரை தாழ்ந்துவந்ததை 2019-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. விமான நிலையம், இருப்புப்பாதை, நெடுஞ்சாலை யாவும் அத்தாழ்நிலத்தின் மேலோ விளிம்பிலோ உள்ளன. ஆழ்குழாய்க் கிணறுகள் நீரை உறிஞ்ச உறிஞ்ச, மண் துகள்களுக்கிடையே நீர் தாங்கிநின்ற இடைவெளிகள் நசுங்குகின்றன. களிமண் அடுக்கு ஒருமுறை நசுங்கிவிட்டால் பின்னர் எவ்வளவு மழை பெய்தாலும் பெரும்பாலும் மீளாது.

ஜகார்த்தாவிலும் இதுவே நிகழ்ந்தது. அதன் வடபகுதியில் ஆண்டுக்குப் பத்து செ.மீ.க்கும் கூடுதலாகத் தாழ்ந்த இடங்கள் இருந்தன. முஆரா பாரு என்னும் துறைமுகப் பகுதியில் வல் அதுனா என்ற பள்ளிவாசல் கடற்சுவருக்கு வெளியே நீரில் நிற்கிறது. ஒருகாலத்தில் அதில் தொழுகை நடந்தது. நிலம் தாழ்ந்து கடல் புகுந்தபின் கைவிடப்பட்டு, பாசி படிந்த சுவர்களோடு இன்று ஒளிப்படக்காரர்களின் இலக்காகியிருக்கிறது. அங்கே கடல் உயர்ந்தது மில்லிமீட்டர் கணக்கில். நிலம் தாழ்ந்தது செண்டிமீட்டர் கணக்கில். உலக வெப்பமாதலையே முழுக்கக் குற்றஞ்சாட்டிவிட்டால் ஆழ்குழாய்க் கிணறுகளின் உரிமையாளர்களுக்கு மிகவும் வசதியாகிவிடும்.

சாட்சியின் நம்பகத்தன்மையையும் நாம் கேட்டாக வேண்டும். நுண்ணலை காற்றிலுள்ள ஈரத்தால் தாமதப்படும். அதை நிலநகர்வு என்று தவறாகக் கொள்ள இடமுண்டு. துருவங்களை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோள் பக்கவாட்டில் பார்ப்பதால் வடக்கு தெற்கான நகர்வு அதற்குப் பெரிதும் புலப்படாது. இத்தாலியின் ஜெனோவா நகரில் மொராண்டி பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்து 43 பேர் இறந்தபின், சரிவதற்கு முன்பே பாலம் அசைந்ததற்கான தடயம் ரேடார் பதிவுகளில் உள்ளது என்று ஓர் ஆய்வுக்குழு 2019-இல் எழுதிற்று. அதே வகைப் பதிவுகளை ஆராய்ந்த வேறொரு குழு, அத்தகைய தடயம் எதுவும் நம்பத்தக்க அளவில் இல்லை என்று மறுத்தது. இரு தரப்பாரும் தேர்ந்த அறிஞர்களே. நீதிமன்றத்தில் ஒரு சாட்சியை ஏற்குமுன் அவருடைய நேர்மையையும் நினைவாற்றலையும் காழி விசாரிப்பதைப் போன்று, ஒவ்வொரு புள்ளியையும் தரையளவைக் கருவிகளோடு ஒத்துப்பார்த்தே ஏற்க வேண்டும் என்பதை இவ்விவாதம் உணர்த்திற்று.

இனி அறிவிப்பு உரியவரைச் சென்றடைவது பற்றி. இமயமலைச் சாரலில் ஜோஷிமத் நகரில் வீடுகள் வெடித்தபோது, 2022 டிசம்பர் 27-க்கும் 2023 ஜனவரி 8-க்கும் இடையே, பன்னிரண்டே நாட்களில், நிலம் 5.4 செ.மீ. தாழ்ந்திருப்பதாக இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு கணித்து வெளியிட்டது. அதற்கு முந்தைய ஏழு மாதங்களில் தாழ்வு சுமார் 9 செ.மீ. சில நாட்களுக்குள் அந்த அறிக்கை இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. அனுமதியின்றி ஊடகங்களுக்குத் தகவல் தரவேண்டாம் என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. மக்களிடையே குழப்பமும் பீதியும் பரவக்கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. அரைகுறைச் செய்தி ஆபத்தானதுதான். ஆனால் வெடித்த சுவருக்குள் இரவைக் கழிக்கும் குடும்பத்துக்கு அந்த எண் தெரியாமலிருப்பதால் பீதி குறைந்துவிடும் என்று நாம் கருதவில்லை. பொதுவழியில் நடப்போர் அனைவருக்கும் கோரிக்கை விடும் உரிமையை வழங்கிய ஹனஃபி இமாம்கள், சுவரின் சாய்வு அனைவர் கண்ணுக்கும் தெரியும் என்ற நிலையிலேயே அதை வழங்கினர். சாய்வு சிலர் கண்ணுக்கு மட்டும் தெரியும் காலத்தில், அந்தச் சிலர் வாய்மூடினால் மற்றவரின் உரிமை பொருளற்றதாகிறது.

சொல்லப்பட்டும் கேளாமற்போனதற்கு லிபியாவின் தெர்னா சான்று. வாதி தெர்னா என்னும் காட்டாற்றின் குறுக்கே 1970-களில் யூகோஸ்லாவிய நிறுவனம் ஒன்று கட்டிய இரண்டு அணைகள் நகருக்கு மேலே நின்றன. உமர் அல்முக்தார் பல்கலைக்கழகத்தின் நீரியலாளர் ஒருவர், பெருவெள்ளம் வந்தால் இவ்வணைகள் தாங்கமாட்டா, உடனே பராமரிப்பு வேண்டும் என்று 2022-இல் ஆய்வுக்கட்டுரையாகவே எழுதினார். 2023 செப்டம்பர் 10 இரவு டேனியல் புயலின் மழையில் இரண்டும் உடைந்தன. பள்ளத்தாக்கின் இரு கரைகளிலும் இருந்த குடியிருப்புகள் மனிதர்களோடு கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டன. ஆயிரக்கணக்கானோரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. இங்கே செயற்கைக்கோள் தரத்தக்க யாவும் முன்பே இருந்தன: 2000-ஆம் ஆண்டு விண்ணோடம் அளந்த நிலவுயரங்கள், மழையளவு, ஆற்றுப்படுகைக்குள் நெருங்கிவந்த வீடுகளின் படங்கள். உள்நாட்டுப் போரால் பிளவுண்ட நாட்டில், இரு அரசாங்கங்களுள் எதனிடம் கோரிக்கை விடுவது என்பதே தெளிவில்லாதிருந்தது. இடிக்கும் அதிகாரமற்றவரிடம் சொன்ன சொல் செல்லாது என்ற விதி எத்தகைய அனுபவத்திலிருந்து பிறந்திருக்கும் என்பதை இப்போது ஊகிக்கலாம். 2024 ஜூலையில் தெர்னாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம், அணைகளுக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரிகள் பன்னிருவருக்கு 27 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதித்தது. அறிந்தும் செயற்படாமைக்குப் பொறுப்புண்டு என்ற கருத்து, தாமதமாகவேனும், அங்கே தீர்ப்பு வடிவம் பெற்றது.

இஸ்தான்புல்லின் வழக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. 1509-இல் அந்நகரைக் குலைத்த நடுக்கத்தை உஸ்மானியர் சிறிய கியாமத் என்றே அழைத்தனர். 1999 ஆகஸ்ட் 17-இல் இஸ்மித்தில் 17,000-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிளவின் மேற்குத் தொடர்ச்சி, நகருக்குத் தெற்கே மர்மரா கடலின் அடியில் செல்கிறது. 2025 ஏப்ரல் 23-இல் அங்கே 6.2 அளவில் ஒரு நடுக்கம் நேர்ந்தது. ரேடார் அலை கடல்நீரை ஊடுருவாது. ஆகவே கடலடிப் பிளவு எவ்வளவு இறுகிக் கிடக்கிறது என்பதை அறியக் கரையோர அளவுகளும் கடலடியில் பதித்த ஒலிக்கருவிகளுமே துணை. எந்தச் செயற்கைக்கோளும் எந்த நாள் என்று சொல்லாது. அதைக் கணித்துச் சொல்வதாக முன்வருபவரை நம்ப வேண்டியதில்லை.

நம் பக்கத்துக்கு வந்தால், 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் என்னும் இந்திய அமெரிக்கக் கூட்டுச் செயற்கைக்கோள் 24 செ.மீ. நீள அலையையும் பயன்படுத்துகிறது. சிற்றலைகள் இலைதழைகளில் சிதறிவிடும் இடங்களில் இந்த நீண்ட அலை தரைவரை செல்லும். தென்னந்தோப்பும் வயலும் மண்டிய நம் நிலத்துக்கு இது பொருத்தமானது. பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தை மீண்டும் காணும். தரவுகள் இலவசமாகக் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் நம் மஹல்லாக்களில் பழைய பள்ளிவாசல்கள், புதிதாக உயர்த்திய மினாராக்கள், வாடகைக்கு விட்ட வக்ஃபு கட்டடங்கள் பல உள்ளன. அவற்றின் அடிநிலம் தாழ்கிறதா என்பதைக் கணித்துத் தரவல்ல பொறியியல் மாணவர்கள் நம் கல்லூரிகளிலேயே இருக்கின்றனர். வக்ஃபின் சுவர் சாய்ந்தால் கோரிக்கையை எவரிடம் விடுப்பது என்ற கேள்விக்கும் ஹனஃபி நூல்களில் விடையுண்டு. அங்கே உரிமையாளரின் இடத்தில் நிற்பவர் அதன் முதவல்லி.